அப்பா தன் 1965ஐ மறைத்தது சரியா?

வைகைக்கரையான்:
1986 நவம்பரில் தி.மு.க. இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடத்தியபோது எனக்கு 17 வயது. ஊர்வலத்துக்குப் போகிறேன் என்று சொன்னதும், படிக்கிற பையனுக்கு அங்கே என்ன வேலை என்று அப்பா என் சைக்கிள் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது, அவருடைய டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை வாசத்துக்கு நடுவே ஓர் அஞ்சலட்டை கிடைத்தது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கைதாகி மதுரை மத்தியச் சிறையில் இருந்த அப்பாவுக்கு, அந்த ஆண்டு பிப்ரவரியில் என் தாத்தா எழுதியது. மேல் மூலையில் சிறை முத்திரை. "உன் அம்மா சாப்பிடுவதில்லை. மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சேர்" என்று பென்சிலால் எழுதியிருந்தார். தான் செய்ததையே மகன் செய்ய நினைத்தபோது தடுத்த மனிதரை என்னவென்று சொல்வது?

ஓய்வுபெற்ற எழுத்தர்:
விவரம் தெரிந்த மனிதர் என்று சொல்ல வேண்டும். அன்று அரசு வேலைக்குப் போனவர்களுக்குக் காவல்துறை விசாரணை என்றால் என்னவென்று தெரியும். ஒரு பழைய வழக்கு கோப்பில் ஏறிவிட்டால் நியமன ஆணை கைக்கு வரும்வரை தூக்கம் வராது. மதுரையில் அரசியல் சட்டத்தின் மொழிப் பகுதியை எரித்த மாணவர் காளிமுத்து பின்னாளில் அமைச்சரானார், சட்டமன்றத் தலைவருமானார். மாணவர் தலைவர் சீனிவாசன் 1967இல் விருதுநகரில் காமராசரையே 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அவர்களுக்குப் பின்னால் நடந்து போனவர்களுக்கு மேடையும் இல்லை, தியாகிப் பட்டமும் இல்லை. உங்கள் அப்பா வாயை மூடிக்கொண்டு குடும்பத்தைக் காப்பாற்றினார்.

தமிழாசிரியை:
ஐயா, வேலைக்காக வெளியாரிடம் மறைப்பது வேறு, பெற்ற பிள்ளையிடம் மறைப்பது வேறு. 1964இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியில் தீக்குளித்த சின்னசாமியைப் பற்றி வகுப்பில் பேசும் நான், எதிரே இருக்கும் மாணவர்களின் தாத்தாக்களில் எத்தனை பேர் அந்த நாளில் தெருவில் நின்றிருப்பார்கள் என்று நினைப்பதுண்டு. வீட்டில் சொல்லாததால், வரலாறு என்பது சிலைகளுக்கு நேர்ந்தது என்றே பிள்ளைகள் எண்ணுகிறார்கள்.

ஓய்வுபெற்ற எழுத்தர்:
அம்மா, 1965 பிப்ரவரியில் திருப்பூரில் இரண்டு காவல் உதவி ஆய்வாளர்களைக் கூட்டம் உயிரோடு எரித்ததையும் வகுப்பில் சொல்வீர்களா? துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தது உண்மைதான், அது மட்டுமே உண்மை அன்று. அந்த இரண்டையும் பார்த்த ஒருவர் தன் மகனை ஊர்வலத்துக்கு அனுப்பத் தயங்கினால், அதற்குப் பாசாங்கு என்று பெயரில்லை.

தமிழாசிரியை:
சொல்வேன், சொல்லியும் இருக்கிறேன். நீங்கள் சொன்ன அந்தத் தயக்கத்தைத்தான் அவர் மகனுக்கு விளக்கியிருக்க வேண்டும் என்கிறேன். காரணம் சொல்லாமல் சாவியைப் பிடுங்குவது அவருடைய தந்தையும் செய்ததே, அஞ்சலட்டை வழியாக.

வைகைக்கரையான்:
இருவரும் பேசுவதைப் பார்த்த பிறகு மீதியையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று அட்டையை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போனேன். சுண்ணாம்பு வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தவர், அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். கூட இருந்தவன் கொடுக்கவில்லை" என்று மட்டும் சொன்னார். பிறகு அந்தப் பேச்சை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை; நான் பெருமைப்படக் காத்திருந்தது அவருக்கு அவமானமாக இருந்தது.

ஓய்வுபெற்ற எழுத்தர்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வேலையையும் கோப்பையும் இழுத்திருக்க மாட்டேனே.

வைகைக்கரையான்:
அவர் 22 ஆண்டு சொல்லாமல் வைத்திருந்ததை நான் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட வேண்டுமா, ஐயா?