கிரேடில் 4.10இலிருந்து 7.6க்கு மாறியதும் பழைய பில்ட் ஸ்கிரிப்டுகளில் பிழைகள் – உதவி தேவை

கேள்வி:
வணக்கம். ஐந்து மாட்யூல்கள் கொண்ட ஒரு ஜாவா திட்டத்தைப் பராமரித்து வருகிறேன். அதைக் கம்பைல் செய்து தொகுக்கும் கிரேடில் என்ற பில்ட் கருவிக்கான ஸ்கிரிப்டுகள், அதன் 4.10 பதிப்புக் காலத்தில் க்ரூவி மொழியில் எழுதப்பட்டவை. ஜாவா 8இலிருந்து 17க்கு மாற வேண்டியிருப்பதால், எந்தக் கிரேடில் பதிப்பு ஓட வேண்டும் என்று சொல்லும் ரேப்பர் கோப்பில் பதிப்பை நேராக 7.6 என்று மாற்றினேன். தேவையான லைப்ரரிகளை அறிவிக்கும் ‘கம்பைல்’ என்ற மெத்தட் கிடைக்கவில்லை என்று பில்ட் நின்றுவிட்டது. எல்லா இடங்களிலும் அதை ‘இம்ப்ளிமென்டேஷன்’ என்று மாற்றினேன். பொது மாட்யூல் தேறியது. ஆனால் அதைச் சார்ந்த மற்ற நான்கும் ஜேசன் தரவைக் கையாளும் ஜாக்சன் லைப்ரரியின் கிளாஸ்கள் கிடைக்கவில்லை என்கின்றன.

இன்னொன்றும் உண்டு. கோப்புகளைச் சர்வர் கோப்புறைக்கு நகலெடுக்கும் டாஸ்க், பெயருக்குப் பின் இரட்டை அம்புக்குறி போட்டு எழுதப்பட்டிருந்தது. அந்தக் குறியை நீக்கியதும் பிழை போய்விட்டது. ஆனால் இப்போது டாஸ்க்குகளின் பட்டியலைக் கேட்டாலே நகலெடுப்பு நடந்துவிடுகிறது. இது எனக்கு மிகவும் கவலை அளிக்கிறது.

மறுமொழி 1:
பொது மாட்யூலில் எல்லாவற்றையும் ‘ஏபிஐ’ என்று மாற்றிவிடுங்கள், முதல் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மறுமொழி 2:
மேலே நண்பர் சொன்னது வேலை செய்யும். ஆனாலும் அப்படிச் செய்ய வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன். பழைய ‘கம்பைல்’, ஒரு மாட்யூல் பயன்படுத்தும் லைப்ரரியை அதைச் சார்ந்த எல்லா மாட்யூல்களுக்கும் கடத்திவிடும். இதனால் யாருக்கு எது உண்மையில் தேவை என்பதே தெரியாமல் போனதோடு, உள்ளே ஒரு லைப்ரரியை மாற்றினாலும் அனைத்தும் மறுபடி கம்பைல் ஆக வேண்டியிருந்தது. அதனால்தான் 2017இல் வந்த 3.4 பதிப்பு அதை, சார்ந்த மாட்யூல்களுக்கும் கடத்தும் ‘ஏபிஐ’, உள்ளேயே வைத்துக்கொள்ளும் ‘இம்ப்ளிமென்டேஷன்’ என்று இரண்டாகப் பிரித்தது. பழைய சொல் 2021இல் 7.0இல் நீக்கப்பட்டது.

உங்கள் பொது மாட்யூலின் பப்ளிக் மெத்தட் ஏதாவது ஜாக்சனின் ஜேசன்நோட் வகையைத் திருப்பித் தருகிறதா என்று பாருங்கள். தந்தால் ஜாக்சன் மட்டும் ‘ஏபிஐ’ ஆக வேண்டும். வெளியே தெரியாத மற்றவை ‘இம்ப்ளிமென்டேஷன்’ ஆகவே இருக்கட்டும். ‘ஏபிஐ’ என்று எழுத, ‘ஜாவா’ பிளகினுக்குப் பதில் ‘ஜாவா-லைப்ரரி’ பிளகின் தேவை.

மறுமொழி 3:
இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். கிரேடில் முதலில் ஸ்கிரிப்டுகளைப் படித்து டாஸ்க்குகளை அமைக்கும், அதன் பிறகே கேட்ட டாஸ்க்கை இயக்கும். அந்த இரட்டை அம்புக்குறிதான் உங்கள் நகலெடுப்பை இயக்கும் கட்டத்துக்குத் தள்ளிவைத்திருந்தது. அதை எடுத்ததும் உள்ளே இருக்கும் வரிகள் அமைக்கும்போதே ஓடுகின்றன. அவ்வளவு பெரிய வேறுபாடு ஒரு சிறு குறியில் மறைந்திருந்தது பலரைக் குழப்பியது, 5.0இல் அது நீக்கப்பட்டதை நான் மனமார வரவேற்றேன். நகலெடுக்கும் வரிகளை, டாஸ்க் இயங்கும்போது மட்டும் ஓடும் ‘டூலாஸ்ட்’ தொகுதிக்குள் வையுங்கள். அதைச் செய்யும்வரை அந்த ஸ்கிரிப்டை ஓட்டாதீர்கள்.

நேராக 7.6க்குத் தாவியதையும் மறுபரிசீலனை செய்யுங்கள். ஜாவா 8ஐ அப்படியே வைத்துக்கொண்டு 4.10.3, 5.6.4, 6.9.4 என்று படிப்படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் எல்லா எச்சரிக்கைகளையும் காட்டச் சொல்லி ஓட்டுங்கள். 7.6 ஜாவா 8இலும் ஓடும், 17இலும் ஓடும். அங்கே சேர்ந்த பிறகு ஜாவாவை மாற்றினால் எந்தப் பிழை எதனால் வந்தது என்பது தெளிவாக இருக்கும். ஸ்கிரிப்டுகளை க்ரூவியிலிருந்து கோட்லின் மொழிக்கு இப்போதே மாற்ற வேண்டாம். 8.2 முதல் புதிய திட்டங்களுக்கு அதுவே இயல்பான தேர்வு என்றாலும், க்ரூவி ஸ்கிரிப்டுகள் இன்றும் செல்லுபடியாகும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஜாக்சன் மட்டுமே ‘ஏபிஐ’ ஆனது, டாஸ்க்கும் சரியாகிவிட்டது. படிப்படியாக ஏறியதில் 4.10.3இலேயே ஓர் எச்சரிக்கை தென்பட்டது: கெட்டர் போன்ற மெத்தட்களைக் கம்பைல் நேரத்தில் தானே உருவாக்கும் லாம்பாக் லைப்ரரியை ‘அனோட்டேஷன் ப்ராசசர்’ என்று தனியாக அறிவிக்காவிட்டால் 5.0 முதல் அது கண்டுகொள்ளப்படாது. கெட்டர் மெத்தட்கள் இல்லை என்ற பிழைகள் முன்பே வந்திருக்கின்றன. ஜாக்சன் பிழைகளுக்கு நடுவே அவற்றைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். அந்த வரியையும் சேர்த்த பின் ஐந்து மாட்யூல்களும் ஜாவா 17இல் தேறிவிட்டன.