பழைய பிரதியில் இருக்கும் சொல் புதுப் பிரதியில் இல்லை. பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?

கொய்யாமரம்:
என் மகளுக்கு ஒன்பது வயது. ராத்திரி படுக்கப் போகும்முன் ஆளுக்கு ஒரு பக்கம் என்று சத்தமாக வாசிப்போம். இப்போது ஓடிக்கொண்டிருப்பது ஆங்கிலக் குழந்தை எழுத்தாளர் ரோல்ட் டாலின் 'சார்லி அண்ட் த சாக்லேட் ஃபேக்டரி'. என்னிடம் இருப்பது பழைய புத்தகக் கடையில் வாங்கிய, முதுகு பிரிந்துபோன பிரதி. அவளுடையது பிறந்தநாளுக்கு வந்த புதுசு. அகஸ்டஸ் க்ளூப் என்கிற தீனிப்பண்டாரப் பையன் வரும் இடத்தை அவள் வாசிக்க, நான் என் பிரதியில் விரலை ஓட்டிக்கொண்டு வந்தேன். என் பக்கத்தில் 'ஃபேட்', அதாவது குண்டு, என்று இருக்கிறது, அவள் அதைச் சொல்லாமலே போய்விட்டாள். ஒரு வார்த்தையை விட்டுட்டியே என்றேன். "இல்லம்மா, இதுல அது இல்லவே இல்ல" என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். உண்மைதான். பையன் பிரம்மாண்டமாக இருக்கிறான், குண்டாக மட்டும் இல்லை.

தேடிப் பார்த்தேன். பஃபின் பதிப்பகம் டாலின் புத்தகங்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் கை வைத்திருப்பதை 2023 பிப்ரவரியில் லண்டன் டெலிகிராப் வெளியே கொண்டுவந்திருக்கிறது. 'த ட்விட்ஸ்' கதையில் திருமதி ட்விட் அசிங்கமானவள், கொடியவள் என்று இருந்தது, இப்போது கொடியவள் மட்டும். டால் 1990-லேயே இறந்துவிட்டார், அவரிடம் யாரும் கேட்டிருக்க முடியாது. அட்டையிலும் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. காப்புரிமைப் பக்கத்தில் பொடி எழுத்தில், மொழியை அவ்வப்போது சரிபார்க்கிறோம் என்கிற மாதிரி ஒரு குறிப்பு, அவ்வளவுதான். நீங்களாக இருந்தால் எந்தப் பிரதியைக் கொடுப்பீர்கள்?

பழையபேப்பர்:
உங்கள் கையில் இருக்கும் பழைய பிரதியும் முதலில் வந்த கதை இல்லை என்பது தெரியுமா? 1964-ல் வந்த முதல் பதிப்பில், அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்யும் குட்டி மனிதர்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து வந்த கறுப்புப் பிக்மிகள். முதலாளி வொங்கா அவர்களை ஓட்டை போட்ட பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் கொண்டுவருகிறார், கூலியாகக் கொக்கோ விதை கொடுக்கிறார். இதைப் படமாக எடுக்கப் போகிறார்கள் என்றதும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்ஏஏசிபி எதிர்த்தது. டால் யோசித்து, 1973-ல் அவரே திருத்தினார். ஆப்பிரிக்கா போய் ஒரு கற்பனைத் தேசம் வந்தது, தோல் வெள்ளையானது, தலைமுடி பொன்பழுப்பானது.

ஆனால் கவனியுங்கள், பெட்டியும் கொக்கோ கூலியும் அப்படியே விடப்பட்டன. என்னை உறுத்துவது இதுதான். திருத்துகிறவர்களின் கண் எப்போதும் சொல்லின் மேல், நிறத்தின் மேல்தான் போகிறது, கதைக்குள் யார் யாரை என்ன செய்கிறார்கள் என்பதில் போவதில்லை. இருந்தாலும் அவர் உயிரோடு இருந்தார், தன் பெயருக்குத் தானே பொறுப்பேற்று மாற்றினார். 2023-ல் நடந்தது அப்படி இல்லை.

தும்பிப்பூ:
ஒரு சொல்லை எடுப்பதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன், எழுத்தாளர் எழுதாத வரியை அவர் பெயரில் எழுதிச் சேர்ப்பதை எப்படிப் பொறுப்பது? 'த விட்ச்சஸ்' கதையில் சூனியக்காரிகள் மொட்டைத்தலை, அதை மறைக்க விக் வைத்திருப்பார்கள். புதுப் பதிப்பில் அந்த இடத்தில், பெண்கள் விக் வைக்க வேறு பல காரணங்கள் உண்டு, அதில் தப்பேதும் இல்லை என்று ஒரு வரி நுழைந்திருக்கிறது. புற்றுநோய் வந்து முடி கொட்டிய ஒரு அம்மாவின் பிள்ளைக்கு அந்த வரி தேவைதான், நான் மறுக்கவில்லை, என் சித்திக்கே அப்படி ஆகியிருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள். கதைசொல்லி பயமுறுத்திக்கொண்டிருக்கும்போது நடுவில் வேறொரு குரல் வந்து பேசினால் பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

அப்புறம் 'மட்டில்டா'. அந்தப் பெண் புத்தகம் படித்தபடியே ஊர் ஊராகப் போவாள், கிப்ளிங்கோடு இந்தியாவுக்கு, கான்ராடோடு கப்பலில். இந்த இரண்டு எழுத்தாளர்களையும் தூக்கிவிட்டு ஜேன் ஆஸ்டினையும் ஸ்டைன்பெக்கையும் வைத்துவிட்டார்கள். இந்தியா போய், ஸ்டைன்பெக்கின் கலிபோர்னியா வந்துவிட்டது! கிப்ளிங் சாம்ராஜ்யத்தைப் பாடியவர் என்பது அந்தச் சாம்ராஜ்யத்தில் அடங்கிக் கிடந்தவர்களின் பேத்தியான எனக்குத் தெரியாதா? அந்தப் பெயர் அங்கே இருந்தால்தான் என் பிள்ளை யார் இவர் என்று கேட்கும், நானும் சொல்வேன்.

சாக்பீஸ்:
நான் நாலாம் வகுப்பு டீச்சர். நீங்கள் எல்லோரும் வீட்டில் ஒரு பிள்ளையை மடியில் வைத்து வாசிக்கிறவர்கள், என் வகுப்பில் நாற்பது பேர். இதே கதையை வாசித்த அடுத்த நாளே உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும் ஒரு பையனுக்கு 'க்ளூப்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வருஷம் முடியும்வரை அது போகவில்லை. டிபன் பாக்ஸைத் திறக்க வெட்கப்பட்டு, மூடியைப் பாதி சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிடுவான். அதைப் பார்த்தவளுக்கு ஒரு சொல் போனால் போகட்டும் என்றுதான் தோன்றும்.

ஆனால் பெரிய பிள்ளைகளுக்கு இதைச் செய்யக் கூடாது என்பதிலும் நான் உறுதியாக இருக்கிறேன். 2011-ல் அலபாமாவில் ஒரு பதிப்பகம் மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லை எடுத்துவிட்டு 'அடிமை' என்று போட்டது. பள்ளிகளில் மறுபடி படிக்க வைக்கத்தான் செய்தார்கள், நோக்கம் நல்லதுதான். ஆனால் அடிமை என்பது ஒருவனுக்கு நேர்ந்த நிலை, அந்தச் சொல்லோ அவனைப் பார்த்தவர்கள் காறித் துப்பியது. அந்த எச்சிலைத் துடைத்துவிட்டால், தப்பி ஓடிய அடிமையான ஜிம்மை நண்பனாக ஏற்க, வெள்ளைக்காரப் பையன் ஹக் தனக்குள் எதையெல்லாம் உடைக்க வேண்டியிருந்தது என்பது பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரியும்?

பழையபேப்பர்:
டீச்சர், அந்தப் பையனை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் சொல்லை எடுத்த பிறகும் 'க்ளூப்' என்று கூப்பிட முடியுமே? கதையில் தீனி ஆசைக்காக அந்த க்ளூப்புக்குக் கிடைக்கும் தண்டனை மாறவில்லையே.

சாக்பீஸ்:
முடியும். எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. அந்த வருஷத்துக்குப் பிறகு அந்தப் புத்தகத்தை வகுப்பில் எடுப்பதையே விட்டுவிட்டேன்.

கொய்யாமரம்:
எல்லோருக்கும் நன்றி. எதிர்ப்பு வந்த பிறகு பஃபினின் தாய் நிறுவனமான பெங்குவின், பழைய வாசகத்தோடு 17 புத்தகங்களைத் தனியாகவும் போடுவதாக அதே 2023 பிப்ரவரி 24-ஆம் தேதி அறிவித்ததையும் பார்த்தேன். எது எந்த வாசகம் என்று அட்டையிலேயே தெரிந்தால் எனக்குப் பாதிக் கோபம் தீர்ந்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டையுமே பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பது என்று முடிவு செய்தோம். வித்தியாசம் கண்டுபிடிப்பது அவளுக்குப் பிடித்துப்போய், பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டு வருகிறாள்.

நேற்று ராத்திரி அந்தப் பெட்டி வரும் பக்கத்துக்கு வந்தோம். என் பிரதியிலிருந்து நான் வாசித்தேன். சாக்லேட் நாட்டுக்கு வருகிறோம் என்று அந்தக் குட்டி மனிதர்கள் சந்தோஷமாகத்தான் சம்மதிக்கிறார்கள். "அவங்கதான் சரின்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் எதுக்கும்மா பெட்டியில அடைக்கணும்?" என்று கேட்டாள். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் விளையும் என்று கங்காணி ஆசை காட்டி இலங்கைக்கு ஆள் பிடித்த கதையை என் பாட்டி எனக்குச் சொல்லியிருக்கிறாள். அதை அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன், மணி பதினொன்று ஆகிவிட்டது. மீதியை இன்றைக்குச் சொல்ல வேண்டும்.