ஆற்றங்கரையில் நாகரிகம் பிறந்ததற்குத் தண்ணீர்தான் காரணமா?

ஏற்காட்டுக்காரன்:
பள்ளிக்கூடத்திலிருந்து கேட்கும் ஒரே பதில்: குடிக்கத் தண்ணீர், போய்வரப் படகு, அதனால் ஆற்றங்கரையில் நாகரிகம். என்னால் ஏற்க முடியவில்லை. தண்ணீர் மட்டும் போதுமென்றால் எங்கள் சேர்வராயன் மலையில் ஊற்றுக்கா பஞ்சம்? புதிய கற்காலத்து மெருகேற்றிய கற்கோடரிகள் இங்கேயே கிடைத்திருக்கின்றன. ஆட்கள் இருந்திருக்கிறார்கள், நகரம் வரவில்லையே.

மேட்டூர் பக்கம்:
தண்ணீரை விடுங்க, வண்டலைப் பாருங்க. மேட்டூர் அணையில் நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடி பக்கம் போயிருக்கிறீர்களா? தண்ணீர் பின்வாங்கிய இடத்தில், கால் புதையும் சேற்றின் ஈரம் காய்வதற்குள் கம்பும் சோளமும் விதைத்துவிடுவார்கள். நைல் கரையில் வருஷா வருஷம் நடந்ததும் இதுதான். எத்தியோப்பிய மலையில் பெய்த மழை ஜூலை வாக்கில் வெள்ளமாக வந்து, அக்டோபர் வாக்கில் வடிந்து, கருப்பு வண்டலை விட்டுப்போகும், உடனே விதைப்பு. ஆயிரக்கணக்கான வருஷம் விளைந்தும் அந்த மண் ஓயவில்லை. மலைச்சரிவில் காட்டைத் திருத்திச் சாமை போட்டால் சில வருஷத்தில் சத்துப் போய் வேறு இடம் தேட வேண்டும். இடம் மாறிக்கொண்டே இருப்பவன் களஞ்சியம் கட்டுவானா?

ஏற்காட்டுக்காரன்:
நைலுக்குச் சரி. இன்றைய ஈராக்கில் ஓடும் டைக்ரிஸ், யூப்ரடீஸ்? அங்கே வெள்ளம் வருவது ஏப்ரல், மே மாதங்களில், பார்லி அறுவடைக்கு நிற்கிற நேரம் பார்த்து. கரை போட்டு, வாய்க்கால் வெட்டி, ஓயாமல் தூர் வாரித்தான் அங்கே பழங்காலத்தில் வாழ்ந்த சுமேரியர்கள் பிழைத்தார்கள். அந்தக் கூட்டு உழைப்புதான் நகரத்தை உண்டாக்கியது, ஆறு அல்ல. குஜராத்தில் இருக்கும் சிந்துவெளி நகரமான தோலாவிராவையும் மறக்காதீங்க. பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது, மழைக்கால ஓடைகள் இரண்டுதான், அந்தத் தண்ணீரைத் திருப்பி, பாறையைக் குடைந்த பெரிய பெரிய தொட்டிகளில் தேக்கியே ஊரை நடத்தினார்கள்.

ஓமலூர் வாசகி:
கூட்டு உழைப்பு சரி, அந்த ஆட்களுக்குச் சோறு போட்டது எது? சுமேரியர்களின் ஊருக் (Uruk) நகரத்தில் கிடைத்த, கிமு 3300 வாக்கிலான களிமண் பலகைகளைப் பாருங்கள். கதையோ பாட்டோ இல்லை, பெரும்பாலும் கணக்கு. தானியம் எவ்வளவு வந்தது, யாருக்கு எவ்வளவு அளந்தார்கள் என்று. எழுத்தே அந்தக் கணக்கிலிருந்துதான் வளர்ந்தது. உழாதவனுக்கும் அளந்து கொடுக்க மிச்சம் இருந்தது வண்டல் நிலத்தால்தான். இதில் நான் மேட்டூர்க்காரர் பக்கம்.

ஏற்காட்டுக்காரன்:
அந்த வண்டல் அதற்கு முன்பும் பல்லாயிரம் வருஷமாக அங்கேதானே கிடந்தது? வாய்க்கால் வெட்ட ஆள் சேர்ந்த பிறகுதான் களஞ்சியம் நிறைந்தது.