‘நைஸ்’ என்ற சொல்லுக்கு முதலில் ‘அறிவற்ற’ என்றா பொருள்?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என் கையெழுத்துப் படியைத் திருத்தித் தந்த ஒருவரை ‘நைஸ்’ என்று பாராட்டி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அதைப் படித்த மூத்த நண்பர், அச்சொல்லின் மூலப்பொருள் ‘அறிவற்றவர்’ என்பதால் பாராட்டாக எழுதுவது பிழை என்கிறார். அது உண்மையா? உண்மையானால் இன்றைய வழக்கு தவறாகிவிடுமா?

மறுமொழி 1:
மூலப்பொருளைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது சரியே. லத்தீனில் ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். ‘சயின்ஸ்’ என்ற சொல்லும் அந்த வேரிலிருந்தே வந்தது. அதனோடு எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்த ‘நெஸ்கியுஸ்’, ‘அறியாத’ என்று பொருள்பட்டு, பழைய பிரெஞ்சில் ‘மூடத்தனமான’ என்றாகி, ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டுவாக்கில் அதே பொருளோடு ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அதன்பின் ‘எதிலும் குறை காண்கிற’, ‘மென்மையான’, ‘நுட்பமான’ என்று படிப்படியாக நகர்ந்து, 18-ஆம் நூற்றாண்டில்தான் ‘இனிய’ என்ற பொருளில் நிலைபெற்றது. ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்றால் நுண்ணிய வேறுபாடு என்று இன்றும் பொருள்படுவது, அந்த இடைக்காலத்தின் எச்சம்.

மறுமொழி 2:
மூலத்தைச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதைக் கொண்டு இன்றைய வழக்கைப் பிழை என்பதை ஏற்க முடியாது. 1817 இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபி’ நாவலில் ஹென்றி டில்னி என்ற பாத்திரம், ‘நைஸ்’ முதலில் நேர்த்தியையும் நயத்தையும் மட்டுமே குறித்திருக்கலாம் என்றும், இப்போது எல்லாவற்றுக்கும் அதையே சொல்கிறார்கள் என்றும் கேலி செய்கிறான். அவன் ‘முதல்’ என்று கருதியதே இடையில் வந்த பொருள்! நம் மொழியிலேயே பாருங்கள்: ஆண்டாள் ‘கருப்பூரம் நாறுமோ’ என்று கேட்டபோது நாற்றம் நறுமணமாக இருந்தது, இன்று ஒருவரிடம் அப்படிச் சொல்லிவிட்டு மூலப்பொருளைக் காட்டித் தப்பிக்க இயலுமா? ஆங்கிலத்தில் ‘சில்லி’ என்ற சொல்லும் ‘பேறுபெற்ற’ என்ற உயரத்திலிருந்து ‘அசட்டுத்தனமான’ என்று இறங்கியதுதான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியென்றால் ‘நைஸ்’, ‘கைண்ட்’ இரண்டில் எதை எழுதினாலும் ஒன்றுதானா?

மறுமொழி 1:
இல்லை. பழகுவதற்கு இனியவர் ‘நைஸ்’. பிறருடைய தேவையை உணர்ந்து உதவுகிறவர் ‘கைண்ட்’. முன்னதை வானிலைக்கும் சட்டைக்கும்கூடச் சொல்லலாம் என்பதால், மனிதருக்குச் சொல்லும்போது அதன் அழுத்தம் குறைந்துவிடுகிறது. பிழையில்லை என்றாலும், உங்கள் கடிதத்துக்கு அது போதாது என்பதே என் கருத்து.

கேள்வி கேட்டவர்:
அவர் தம் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு இரண்டு இரவுகள் கண்விழித்துத் திருத்தினார். ‘கைண்ட்’ என்று மாற்றி, அந்த இரண்டு இரவுகளையும் கடிதத்தில் சேர்த்துவிட்டேன்.