அனிமே வினாடி வினா: லைஃப்லைன் விதிகளை எப்படி எழுதுவது?

நள்ளிரவு ராமென்

வணக்கம் நண்பர்களே. எங்க ரசிகர் குழுவுக்காக டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் ஒரு அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) வினாடி வினா நடத்தப் போறோம். சூர்யா தொகுத்து வழங்கின ‘ஒரு கோடி’ நிகழ்ச்சி மாதிரியேதான்: ஹாட் சீட்டில் ஒருத்தர், 15 கேள்வி, நாலு விடை, 5-லும் 10-லும் பாதுகாப்புப் படி. தப்பாச் சொன்னா கடைசிப் பாதுகாப்புப் படிக்கு இறங்கணும். விலகிக்கிட்டா கையில் இருக்கிறது நிற்கும். பணம் கிடையாது, புள்ளி மட்டும்தான். வாரம் 4 பேர், 8 வாரம், ஒவ்வொருத்தரும் ரெண்டு தடவை ஆடுவாங்க. மொத்தப் புள்ளியில் முதலிடம் பார்ப்போம்.

லைஃப்லைன் (விடை தெரியாதப்போ எடுக்கிற உதவி) மூணு: 50:50 (தப்பான ரெண்டு விடையை நீக்குறது), பார்வையாளர் வாக்கு, நண்பருக்கு அழைப்பு. பார்வையாளர்கள் 40 பேர் வரை வருவாங்க. இன்னும் முடிவாகாதது: 50:50-ல் எந்த ரெண்டை யார் எடுக்கிறது? நண்பர் கூகுளில் தேடினா? புள்ளியைப் படிக்குப் படி இரட்டிப்பாக்கலாமா? நடுவில் நெட் போச்சுன்னா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பொன்னி நதி

புள்ளி அடுக்கை முதலில் முடிவு செய்யுங்கள். லைஃப்லைனுக்கு எவ்வளவு மதிப்பு என்பது அதைப் பொறுத்துத்தான்.

இரட்டிப்பு வேண்டாம். 10-ஆம் கேள்விக்கு 100 என்று வைத்தால் 14-க்கு 1600, 15-க்கு 3200 ஆகிவிடும். 1600 வைத்திருப்பவர் தப்பாகச் சொன்னால் 1500 போகும், சரியாகச் சொன்னால் 1600 வரும். 50:50 கையில் இருந்தால் விடை தெரியாமலே அடிக்கலாம், யாரும் விலக மாட்டார்கள். அதோடு, ஒருவர் ஒரே ஒரு நாள் 15-ஐத் தாண்டினால் எட்டு வாரப் பட்டியலும் அன்றோடு முடிந்தது.

நான் பரிந்துரைப்பது: 5, 10, 15, 20, 30, பிறகு 40, 55, 70, 85, 100, பிறகு 125, 150, 180, 215, 250. 11-ஆம் கேள்வியில் 100-க்குக் கீழே இறங்க வழியில்லை, அது இலவச அடி. 12-இல் போவதும் 25, வருவதும் 25. 13-இல் 50 போகலாம், 30-தான் வரும், 62.5 சதவீதம் உறுதி இருந்தால் மட்டுமே தொடலாம். 14-க்கு ஏறக்குறைய 70, 15-க்கு 77 சதவீதம் வேண்டும். அதாவது 50:50 எடுத்த பிறகும் இரண்டுக்கும் நடுவே தடுமாறுகிறவர் விலகுவதுதான் சரி. ‘ஆடவா, எழுந்திருக்கவா’ என்று அவர் யோசிக்கிற அந்த அரை நிமிடத்துக்காகத்தான் பார்வையாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

50:50-ஐக் கேள்வி எழுதும்போதே முடிவு செய்து தாளில் குறித்துவிடுங்கள். தவறான விடைகள் மூன்றுக்கும் 1-2, 3-4, 5-6 என்று பகடை எண் கொடுத்து உருட்டுங்கள். எது விழுகிறதோ அது நிற்கும், மற்ற இரண்டும் போகும். நடத்துபவர் அந்த நேரத்தில் தேர்ந்தெடுக்கவே கூடாது. போட்டியாளர் ‘ஏ அல்லது சி மாதிரி இருக்கு’ என்று வாய்விட்ட பிறகு எதை நீக்குகிறார் என்பதே துப்பாகிவிடும். ‘விடைக்கு மிக நெருக்கமான தவறை எப்போதும் மிச்சம் வைப்போம்’ என்றும் வைக்காதீர்கள். போட்டியாளர் தானாகவே ஒதுக்கிய இரண்டுதான் போகும், லைஃப்லைன் வீண்.

இன்னொன்று, நடத்துபவரிடம் விடையே இருக்கக் கூடாது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் குரல் காட்டிக்கொடுக்கும். விடைத்தாள் வேறொருவரிடம் இருக்கட்டும். போட்டியாளர் லாக் செய்த பிறகு அவர் சொல்லட்டும். ஜப்பானில் இந்த நிகழ்ச்சியை நடத்திய மினோ மோன்தாவின் ‘ஃபைனல் ஆன்சர்?’ அங்கே எல்லோர் வாயிலும் புழங்கிய வாசகம். உங்களுக்கும் அப்படி ஒரே ஒரு நிலையான கேள்வி வேண்டும். அதற்கு ‘ஆம்’ வரும்வரை விடையை மாற்றலாம், வந்த பிறகு கிடையாது.

ஒலிப்பேழை

நண்பர் அழைப்புதான் ரொம்ப ஓட்டை உள்ளது. ‘டெத் நோட் மொத்தம் எத்தனை எபிசோட்’னு தட்டினா 37-னு உடனே வந்துடும். கேமரா ஆன் பண்ணச் சொன்னாலும் பக்கத்தில் இன்னொரு போன் இருக்கும். அதனால தேடுறதைத் தடுக்கப் பார்க்காம, தேட நேரம் இல்லாம பண்ணுங்க:

நண்பர் யாருன்னு ஆட்டத்துக்கு முன்னாடியே பதிவு பண்ணணும். அவர் நேரலை பார்க்கக் கூடாது, தனி குரல் அறையில் இருக்கணும். போட்டியாளர் யோசிக்கிற நேரம் முழுக்க அவரும் கேள்வியைப் பார்த்துட்டிருந்தா 30 நொடி வரம்புக்கு அர்த்தமே இல்ல. அழைப்பு வந்ததும் மாடரேட்டர் அவரை மேடை அறைக்கு நகர்த்தணும். கேள்வியையும் நாலு விடையையும் நடத்துபவர் வாசிக்கணும். வாசிச்சு முடிச்ச பிறகுதான் கடிகாரம் ஓடணும், இல்லைன்னா பாதி நேரம் வாசிப்பிலேயே போயிடும். முதல் 8 நொடிக்குள்ள நண்பர் ஒரு எழுத்தைச் சொல்லியாகணும், சொன்னதை மாத்த முடியாது. மீதி 22 நொடி காரணம் சொல்ல, எவ்வளவு உறுதின்னு சொல்ல.

வாக்குக்கு டிஸ்கார்டிலேயே இருக்கிற வாக்கெடுப்பு (poll) வசதி வேண்டாம். எண்ணிக்கை உடனுக்குடன் தெரியும், முதல் அஞ்சு பேர் போட்டதையே மத்தவங்களும் போடுவாங்க. கூகுள் ஃபார்ம் வைங்க, முடிவு பொதுவில் தெரியாதபடி. 45 நொடி, அந்த நேரம் முழுக்க சாட் (chat) பகுதியைப் பூட்டி வைங்க. அஞ்சாவது விருப்பமா ‘தெரியாது’ கட்டாயம் இருக்கணும். 40 பேரில் 10 பேருக்குத்தான் விடை தெரியும்னு வைங்க. மீதி 30 பேரும் குத்துமதிப்பா போட்டா ஒவ்வொரு விடைக்கும் ஏழெட்டு விழும், சரியான விடைக்கு 17-18. இதுவாவது பரவாயில்ல, கேள்வியில் ஒரு பொறி இருந்தா அந்த 30-ல் பெரும்பகுதி பொறியிலேயே விழும், தெரிஞ்ச 10 வாக்கு மூழ்கிடும்.

யூடியூபிலும் விட்டீங்கன்னா அங்க படம் சில நொடி தாமதமாப் போகும், அதனால வாக்கு டிஸ்கார்டில் இருக்கிறவங்களுக்கு மட்டும். ஓப்பனிங் பாட்டுக் கேள்வி வச்சா மைக் வழியா போடாதீங்க. டிஸ்கார்டில் இருக்கிற கிரிஸ்ப்ங்கிற இரைச்சல் நீக்கி இசையை இரைச்சல்னு நினைச்சு அரிச்சுடும். ஸ்கிரீன் ஷேரில் ஒலியோட பகிருங்க. 10 நொடிக்குள்ள இருந்தா காப்புரிமைப் பிரச்சினை வராதுங்கிறதும் தப்பு, சின்னத் துண்டையும் யூடியூப் பிடிக்கும்.

நெட் போனா: கடிகாரம் நிற்கும், 3 நிமிஷம் காத்திருக்கணும். திரும்பி வந்தா அதே கேள்வி கிடையாது, அதே நிலையில் உள்ள இருப்புக் கேள்வி. அந்தக் கேள்வியில் எடுத்து முடிச்ச லைஃப்லைன் இருந்தா திருப்பிக் கொடுக்கணும். திரும்பி வரலைன்னா விலகினதாக் கணக்கு.

நள்ளிரவு ராமென்

ரொம்ப நன்றி, ‘தெரியாது’ விருப்பம் எங்களுக்குத் தோணவே இல்ல. ஒரு வாரம் 12 பேர்தான் வந்தா வாக்கு என்ன ஆகும்?

ஒலிப்பேழை

20-க்குக் கீழ போனா வாக்கை எடுத்துட்டு ‘கேள்வி மாற்று’ கொடுங்க. முதல் போட்டியாளர் உட்காரும் முன்னாடியே தலையை எண்ணி அறிவிக்கணும், அன்னைக்கு நாலு பேருக்கும் ஒரே மாதிரி. ராத்திரிக்கு 60 கேள்வி. இருப்புக்கு 1-5, 6-10, 11-15-னு மூணு அடுக்குக்கும் 4 வீதம் 12 சேர்த்து 72 கையில் இருக்கட்டும்.

மூன்றாம் பக்கம்

விதித்தாள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கேள்வி ஓட்டையாக இருந்தால் ஆட்டம் அங்கேயே நிற்கும். அனிமேயில் அடிக்கடி சறுக்கும் இடங்கள் இவை.

ஒரே பெயரில் இரண்டு தொடர். ‘ஹண்டர் எக்ஸ் ஹண்டர்’ 1999 பதிப்பு 62 எபிசோட், 2011 பதிப்பு 148. ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ 2003-இல் 51, ‘பிரதர்ஹூட்’ 64. ஆண்டு இல்லாமல் கேள்வி எழுதவே கூடாது.

பாதியில் மாறும் ஸ்டுடியோ. ‘அட்டாக் ஆன் டைட்டன்’ முதல் மூன்று சீசன் விட், இறுதி சீசன் மாப்பா. ‘ஒன் பஞ்ச் மேன்’ முதல் சீசன் மேட்ஹவுஸ், இரண்டாவது ஜே.சி.ஸ்டாஃப். இரண்டு பெயரும் ஒரே கேள்வியில் விடைகளாக வந்தால், சீசன் எண்ணைக் கேள்வியிலேயே போட வேண்டும்.

காலாவதியான கேள்வி. ‘சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய, இயக்குநர் மியாசாகியின் படம் எது?’ என்பதற்கு நெடுநாள் ‘ஸ்பிரிட்டட் அவே’ ஒன்றே விடை. 2024 மார்ச்சில் ‘தி பாய் அண்ட் தி ஹெரான்’ வாங்கிய பிறகு அந்தக் கேள்வி செல்லாது. பழைய கேள்வித் தொகுப்பிலிருந்து எடுப்பதை எல்லாம் அன்றைய தேதிக்குச் சரிபாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தொடர்களில் ‘இதுவரை’ என்ற சொல்லே வேண்டாம்.

நல்ல பொறிக்கும் கெட்ட பொறிக்கும் வித்தியாசம் உண்டு. ‘ஸ்டுடியோ கிப்லியின் பெயரில் வெளிவந்த முதல் படம் எது?’ என்று கேட்டால் பலர் ‘நாசிகா’ என்பார்கள். அது 1984-இல் வந்தது, கிப்லி தொடங்கியதோ 1985-இல்; விடை 1986-இல் வந்த ‘காசில் இன் தி ஸ்கை’. இது 12-ஆம் கேள்விக்குத் தகும், ஏனென்றால் விடை ஒன்றுதான், விவரம் தெரிந்தவர் பிழைப்பார். ‘கிப்லியின் முதல் படம்’ என்று மொட்டையாகக் கேட்டால் அது கெட்ட பொறி. நாசிகாவை கிப்லி தொகுப்பிலேயே விற்கிறார்கள், வாதம் நியாயமாகிவிடும்.

பெயர்களுக்கும் ஒரு விதி வேண்டும். லைட் யாகாமி, யாகாமி ரைட்டோ இரண்டும் ஒருவரே; ‘டிடெக்டிவ் கோனன்’தான் ‘கேஸ் க்ளோஸ்ட்’. திரையில் முதலில் வரும் வடிவத்தைத்தான் கடைசிவரை பயன்படுத்த வேண்டும். ஸ்பாய்லர் (கதையின் திருப்பத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது) உள்ள கேள்வி என்றால் தொடரின் பெயரை மட்டும் 5 நொடி முன்னால் அறிவியுங்கள், பார்க்காதவர்கள் ஒலியை அணைத்துக்கொள்ளட்டும்.

இவ்வளவு செய்தும் தகராறு வரும். முறையீட்டை அடுத்த போட்டியாளர் உட்காரும்வரை மட்டும் ஏற்கலாம். விடைத்தாள் வைத்திருப்பவரும் அந்தக் கேள்வியை எழுதாத இன்னொருவரும் பார்க்கட்டும். இரண்டு விடை சரி என்று தெரிந்தால் கேள்வி ரத்து. போட்டியாளர் இழந்த படியிலிருந்தே, அதில் செலவழித்த லைஃப்லைனைத் திரும்பப் பெற்று, இருப்புக் கேள்வியில் தொடரட்டும். புள்ளியைச் சும்மா கொடுத்துவிடாதீர்கள். பட்டியலில் அடுத்த இடத்தில் இருப்பவர் ‘ஏன் கொடுத்தீர்கள்’ என்று கேட்கத்தான் செய்வார்.