யூத வழிபாடு, பெயர், சட்டம்: நேரில் பார்த்து மனதில் தங்கிவிட்டவை (அனுபவப் பகிர்வு)

மெல்போர்ன் மாம்பலத்தான்:
என்னை விட்டுவிட்டால் ஒன்பது பேர். இறந்தவருக்காகச் சொல்லும் யூத ஜெபமான கதிஷ் சொல்லப் பத்துப் பேர் வேண்டும்.

கூட வேலை பார்க்கும் நண்பனின் அம்மா தவறிவிட்டார். கால்ஃபீல்டில் வீடு. ஏழு நாள் துக்கத்தில் ஒரு சாயங்காலம் போனேன். ஜெபத்தை நடத்த வந்திருந்த பெரியவர் ஆட்களை எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு என்று மனிதர்களை எண்ணக் கூடாதாம். பைபிளில் தாவீது ராஜா ஜனத்தொகை எடுத்துக் கொள்ளைநோய் வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால் எபிரேயத்தில் சரியாகப் பத்துச் சொல் வருகிற ஒரு வசனத்தை (பைபிளின் சங்கீதப் புத்தகம் 28:9) ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்பதாவது சொல்லோடு நின்றுபோனார். என்னைப் பார்த்தார். நான் யூதன் இல்லை என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

நண்பன் துக்கத்துக்கு அடையாளமாக இடது பக்கம் நெஞ்சுக்கு மேலே கிழித்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தான். யாரோ போன் செய்தார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான், கால்பந்து பனியனோடு. பதின்மூன்று வயது முடிந்துவிட்டதா என்று கேட்டார்கள். முடிந்துவிட்டது. உடனே ஆரம்பித்தார்கள். நரைத்த தாடிக்காரர்கள் எல்லாம் அந்தப் பையனுக்காகக் காத்திருந்தார்கள்.

என்னை இன்னும் குடைவது வேறு. நண்பனின் அக்கா அவ்வளவு நேரமும் சமையலறை வாசலில் நின்றார். அவருக்கும் அது அம்மாதான். அவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

எடிசன் கோவைக்காரி:
சகோ, நீங்கள் பார்த்தது ஆர்த்தடாக்ஸ் வீடு, பழைய சட்டத்தை அப்படியே கடைப்பிடிக்கிறவர்கள். அதை வைத்து யூதர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று படிக்கிறவர்கள் நினைத்துவிடக் கூடாது. சீர்திருத்தப் பிரிவான ரிஃபார்ம் சபைகளில் பெண்களையும் எண்ணுவார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கன்சர்வேடிவ் பிரிவு 1973-இல் அனுமதி கொடுத்தது. அதற்கும் வெகு முன்னால், 1916-இல், ஹென்றியட்டா சோல்டின் தாய் இறந்தபோது குடும்ப நண்பர் ஒருவர் ஹென்றியட்டாவுக்குப் பதிலாகத் தானே கதிஷ் சொல்வதாக முன்வந்தார். நன்றி சொல்லி, அதை நானே செய்வேன் என்று அந்த அம்மையார் கடிதம் எழுதினார். வீட்டில் எட்டும் பெண்பிள்ளைகள், ஆண்பிள்ளையே கிடையாது. அப்பாவுக்கு அது ஒருபோதும் குறையாகத் தெரிந்ததில்லை என்பதையும் எழுதினார். ஹடாசா என்ற யூதப் பெண்கள் அமைப்பைத் தொடங்கியவர் அவர்தான்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். என் மகளின் வயலின் டீச்சர் இறந்துபோன தன் அப்பாவுக்காகத் தினமும் விடிகாலையில் சினகாக் (யூத ஜெப ஆலயம்) போய்வருவார். பனிக்காலத்தில் ஒருநாள் கார் கிளம்பவில்லை என்று நான்தான் கொண்டுபோய் விட்டேன். எழுந்து நின்று தனிக்குரலில் கதிஷ் சொன்னார். சுற்றியிருந்த ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆமென் சொன்னார்கள். அந்த ஜெபத்தில் சாவு என்ற பேச்சே இல்லை, முழுக்கக் கடவுளின் பெயரை உயர்த்துவதுதான் என்று திரும்பி வரும்போது சொன்னார். அதுவும் எபிரேயம் இல்லை, பெரும்பாலும் அராமிக் மொழி.

பெற்றவர்களுக்கு 11 மாதம் சொல்வார்கள். ஏன் 12 இல்லை என்று கேட்டேன். ரொம்பப் பாவம் செய்தவர்களுக்குத்தான் 12 மாதத் தண்டனை என்று பழைய நூல்களில் இருக்கிறதாம். முழுதாக 12 மாதமும் சொன்னால் நம் அப்பாவை நாமே அந்த வரிசையில் வைத்த மாதிரி ஆகிவிடும், அதனால் ஒரு மாதம் முன்னாலேயே நிறுத்திவிடுகிறோம் என்றார். அதைச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது.

ஹட்டன் பிள்ளை:
நான் இஸ்ரேலில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். நான் பார்த்துக்கொண்ட அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த நேரம், அவர்களுடைய ஜெப ஆலயத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். வந்ததும் மகனிடம் கேட்டது, அம்மாவின் எபிரேயப் பெயர் என்ன, அவருடைய தாயின் பெயர் என்ன என்றுதான். ஜெப ஆலயத்தில் தோரா என்ற வேதச் சுருளை வாசிக்கக் கூப்பிடும்போது தகப்பன் பெயர்தான் சொல்வார்கள். நோயாளிக்காக வேண்டும்போது தாயின் பெயர்.

அப்புறம் அவர் சங்கீதம் 119-ஐத் திறந்தார். அதில் எபிரேய எழுத்து 22-க்கும் எழுத்துக்கு எட்டு வசனமாக 176 வசனம் இருக்கிறது. நோயாளியின் பெயரில் உள்ள எழுத்துகளுக்குரிய வசனங்களை மட்டும் எடுத்து வாசிப்பார்கள். மோசே என்ற பெயர் என்றால் மேம், ஷின், ஹே என்று மூன்று எழுத்து, 24 வசனம்.

வாசித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, உன் வீட்டில் யாருக்கும் சுகமில்லையா என்று கேட்டார். அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு என்றேன். அப்பாவின் பெயரையும் அப்பாயியின் பெயரையும் கேட்டு, ஒரு துண்டுத் தாளில் எபிரேய எழுத்தில் எழுதிக்கொண்டார். எங்கள் அப்பாயி சாகும்வரை கொழுந்து பறித்தவர். தோட்டத்துப் பதிவேட்டைத் தவிர அவர் பெயரை யாரும் எங்கேயும் எழுதி நான் கண்டதில்லை. அந்த மனிதர் உச்சரிப்பு சரியா என்று திருப்பித் திருப்பிக் கேட்டு எழுதினார்.

பாளையங்கோட்டை டீச்சர்:
ஹட்டன் தங்கச்சி, நம் தமிழ் பைபிளிலும் 119-ஆம் சங்கீதத்தில் ஆலெப், பேத் என்று தலைப்புப் போட்டிருக்கும். சின்ன வயதிலிருந்து வாசித்தும் அது எதற்கு என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. நோயாளிக்குத் தாயின் பெயரைச் சொல்வதற்கு ஆதாரமாக, 116-ஆம் சங்கீதத்தில் பாடுகிறவர் தன்னை 'உமது அடியாளின் மகன்' என்று சொல்லிக்கொள்வதைத்தான் யூதர்கள் காட்டுவார்கள்.

என் அனுபவம் சின்னது. லண்டனில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டில் துக்கம். போய் உட்கார்ந்தேன். அந்த அம்மா தாழ்வான முக்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆனால் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குச் சிலது சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட வீட்டுக்குப் பூங்கொத்து வாங்கிப் போகாதீர்கள், அது அவர்கள் வழக்கம் இல்லை. சாப்பாடு கொடுக்கலாம், ஆனால் நம் வீட்டில் சமைத்தது வேண்டாம். கோஷர் (யூத உணவு விதிப்படி தயாரித்தது) முத்திரை உள்ள கடையில் வாங்குங்கள், வாங்கும் முன் அந்த வீட்டுக்காரர்களிடம் எந்தக் கடை என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கதவு பெரும்பாலும் சாத்தாமல்தான் இருக்கும், மணி அடிக்காமல் உள்ளே போங்கள். நீங்களாகப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். பைபிளில் யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை அல்லவா, அதிலிருந்து வந்த வழக்கம். துக்கப்படுகிறவர் பேசினால் பேசுங்கள். கண்ணாடிகளைத் துணியால் மூடியிருப்பார்கள், ஏன் என்று அங்கேயே விசாரிக்காதீர்கள். வெள்ளி சாயங்காலத்திலிருந்து சனி இருட்டும்வரை துக்கம் விசாரிக்கப் போக வேண்டாம். அது அவர்களுடைய ஓய்வுநாள், அன்றைக்கு வெளிப்படையாகத் துக்கம் கொண்டாட மாட்டார்கள். இறந்தவரைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரிந்திருந்தால் சொல்லுங்கள், அதைவிட அவர்களுக்கு ஆறுதல் கிடையாது.

புரூக்ளின் தென்காசி:
நான் சொல்ல வந்தது ஓய்வுநாள் பற்றி. வெள்ளி ராத்திரி, கதவைத் தட்டி எதிர்வீட்டுத் தாத்தா நிற்கிறார். "எங்கள் வீட்டில் ரொம்ப இருட்டாக இருக்கிறது" என்றார். பியூஸ் போய்விட்டதா, மெயின் ஸ்விட்சைப் பார்க்கட்டுமா என்று கேட்டால் பதில் இல்லை. மறுபடியும், "என் மனைவிக்கு மாடிப்படி தெரியவில்லை" என்றார். போய்ப் பார்த்து ஸ்விட்சை மேலே தள்ளினேன். நன்றி சொல்லி ஒரு பெரிய ரொட்டியைக் கொடுத்தார். விலக்கப்பட்ட 39 வகை வேலைகளில் விளக்கேற்றுவதும் அடக்கம், அதை அடுத்தவரிடம் செய்யச் சொல்வதும் கூடாது, நிலைமையைச் சொல்லலாம் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த வயதில் இருட்டில் தடவிக்கொண்டு வந்து, கேட்கவும் முடியாமல் நின்றாரே, அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருவேளை நெஞ்சுவலி வந்தாலும் இப்படித்தான் சுற்றிவளைத்துச் சொல்லிக்கொண்டு நிற்பாரா?

ஹட்டன் பிள்ளை:
இல்லை அண்ணா, அது பிழையான எண்ணம். உயிர் போகிற நிலை என்றால் ஓய்வுநாள் சட்டம் வழிவிட வேண்டும் என்பதும் அவர்களுடைய சட்டம்தான். தயங்கி நிற்பதுதான் குற்றம். நான் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு மூச்சுத் திணறியது ஒரு சனிக்கிழமை காலையில். தொப்பியும் ஜெபச் சால்வையுமாக இருந்த மகன் தானே போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார், அதே வண்டியில் ஏறியும் போனார். என்னிடம் சொல்லிச் செய்விக்கலாம்தானே, நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் அப்படிச் செய்யவில்லை.

பவழக்காரத் தெரு:
எல்லாரும் வெளிநாட்டுக் கதையே சொல்கிறீர்கள். சென்னையில் லாயிட்ஸ் ரோட்டில் ஒரு யூதர் கல்லறை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் கேட்டதால் கூட்டிப்போனேன். பூ வாங்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று கீழே குனிந்து கூழாங்கற்களைப் பொறுக்கி, கல்லறைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போனார். அவருக்கு அங்கே சொந்தக்காரர் யாரும் கிடையாது. எழுத்து தேய்ந்துபோன இடங்களில் விரலால் தடவி, இன்னார் மகன் இன்னார் என்று வாய்விட்டு வாசித்தார்.

1688-இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மேன்களில் (மாநகராட்சி மன்ற உறுப்பினர்கள்) யூத வணிகர்களும் இருந்தார்கள். கோல்கொண்டா வைரத்தை அனுப்பி, மத்தியதரைக் கடல் பவழத்தை இறக்கியவர்கள். எங்கள் தெருப் பெயரே அதில் வந்ததுதான்.

அந்த நண்பர் இங்கிருந்து கொச்சிக்குப் போனார். மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய சினகாக்கில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகச் சொன்னார்களாம். வேறெந்த நாட்டிலும் தான் அப்படிப் பார்த்ததில்லை என்றார். கொச்சி யூதர்கள் பெரும்பாலும் 1950-களிலேயே இஸ்ரேல் போய்விட்டதால், பத்துப் பேர் சேர வெளியூர்ப் பயணிகளைத்தான் நம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆள் சேர்ந்ததா என்று போனில் கேட்டேன். இவரோடு எட்டு. கதிஷ் இல்லாமலே ஜெபத்தை முடித்தார்களாம்.