அம்மாவின் சிறுநீரகக் கட்டி: திசு பிளாக்கை எங்கே கொடுப்பது?

செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். மார்ச் முதல் இடது விலாவுக்குக் கீழ் வலிப்பதாகச் சொல்லிவந்த என் அம்மாவுக்கு (வயது 54) கல்லடைப்பு என்று இரண்டு மாதம் மருந்து கொடுத்த பிறகுதான், சி.டி. ஸ்கேனில் 7 செ.மீ. கட்டி தெரிந்தது; ஜூனில் சிறுநீரகத்தையே அகற்றினார்கள். பயாப்சியில், கட்டியின் வகையை அறிய உதவும் புரதங்களில் சிடி34 பாசிட்டிவ், எஸ்100 நெகட்டிவ். ஒரு பரிசோதனைக்கூடம் சார்கோமா (தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் தோன்றும் புற்றுநோய்) என்கிறது. மற்றொன்று, பெரும்பாலும் நுரையீரல் உறையில் தோன்றி, சிறுநீரகத்தில் அரிதாகவே காணப்படும் சாலிட்டரி ஃபைப்ரஸ் டியூமராக இருக்கலாம் என்றும், அதை உறுதிசெய்ய ஸ்டாட்6 என்ற புரதத்துக்கான சாயப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. அந்த வசதி இரண்டிடத்திலும் இல்லை. தென்காசியிலும் திருநெல்வேலியிலும் விசாரித்தாகிவிட்டது. கட்டியின் திசுவைப் பதித்துவைத்த மூன்று மெழுகு பிளாக்குகளையும் வெயில் படாமல் எவர்சில்வர் டப்பாவில் வைத்திருக்கிறேன். அம்மாவால் இப்போது ஆரியங்காவு மலைப்பாதையில் பயணம் செய்ய இயலாது என்பதால், பிளாக்குகளை மட்டும் நான் கொண்டுபோனால் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் பரிசோதனைக்கு ஏற்றுக்கொள்வார்களா?